அற்புதராஜ் வெள்ளையாகப் பார்த்த கதை

லுணுகலை டவுனிலிருந்து மூன்று கட்டை தூரம் மேலே ஏறினால் வருகிற அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில், தவக்காலம் வந்துவிட்டால் அற்புதராஜை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பரபாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்துக் கோயிலில் பெரிய வெள்ளிக்கு நடக்கிற பாடுகளின் நாடகத்தில் பத்தொன்பது வருசமாக அவர்தான் பரபாஸ். யேசுவுக்குப் பதிலாக விடுதலையாகிற கள்ளன். வசனம் ஒன்றும் கிடையாது. சங்கிலியோடு வந்து நிற்க வேண்டும். ஜனங்கள் "பரபாஸை விடுதலை செய்" என்று கத்தும்போது பல்லைக் காட்ட வேண்டும். சங்கிலியைக் கழற்றியதும் ஓட வேண்டும். மேக்கப் செலவு வைக்காத ஒரே நடிகர் என்று பழைய பங்குத்தந்தை ஒருமுறை பிரசங்கத்திலேயே பாராட்டியிருக்கிறார். அற்புதராஜும் எழுந்து கும்பிட்டார். அது பாராட்டில்லை என்று விளங்க அவருக்கு நாலு வருசம் பிடித்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற மண்டை, எதையும் மெதுவாகத்தான் உள்ளே எடுக்கும்.

அவருக்கு வேலை, தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறது. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தனியாக நடக்கிற வேலை. அந்தத் தனிமையில் அவர் பிலாத்துவின் வசனம் பூராவையும் பாடமாக்கி வைத்திருந்தார். "இந்த மனிதனிடத்தில் நான் குற்றம் ஒன்றும் காணேன்" என்று தேயிலைச் செடிகளைப் பார்த்துக் கையை உயர்த்திச் சொல்லுவார். செடிகள் குறை சொன்னதில்லை. நிஜ பிலாத்துவாக நடித்தது பெக்டரி ஸ்டோர்கீப்பர். நல்ல நிறமான ஆள். ஆனால் வருசா வருசம் பாதி வசனத்தில் நின்றுவிடுவார், பரபாஸ்தான் சங்கிலிக்குள் நின்றபடி அடிக்குரலில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தப் புரட்டாசியில் ஸ்டோர்கீப்பர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பிலாத்து வேசம் காலி. அற்புதராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு உபதேசியார் றுஷாந்தனைத் தேடிப் போனார். கோயிலைப் பார்த்துக்கொள்வதும் நாடகம் பழக்குவதும் அவர்தான். முப்பது வயசுகூட ஆகாத, மரியாதையான பிள்ளை.

"உபதேசியாரே, பிலாத்து இந்த வருசம் யாரு?"

"யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் அண்ணே."

"எனக்கு வசனம் பூராத் தெரியும். இப்பவே சொல்லிக் காட்டவா?"

றுஷாந்தன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்தார். "வசனம் தெரியும் அண்ணே, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிலாத்துன்னா ஒரு தொர மாதிரி இருக்கணும் பாருங்க. கொஞ்சம் நெறமா... அதுவும் போக, நீங்க இல்லாட்டி பரபாஸுக்கு நான் எங்க போறது? ஒங்க மூஞ்சி கடவுள் குடுத்தது அண்ணே."

கடவுள் கொடுத்த மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அற்புதராஜ் அடுத்த கிழமை பதுளைக்குப் போனார். கண்ணாடி மாற்றப் போவதாக வீட்டில் சொன்னார். போய் நின்றது ஒரு பேன்ஸி கடையில். ஐம்பத்தொரு வயசு ஆம்பிளை, கால் மணி நேரம் பிள்ளைகளின் கிளிப்புகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள் தேடுறீங்க?"

"மருமகளுக்கு. மூஞ்சிக்குப் போடுவாங்களே."

"வெள்ளையாகுறதுக்கா? நல்ல சாமான் இருக்கு, வெளிநாட்டு க்ரீம். ரெண்டு கெழமையில தெரியும். வெயில்ல போக வேணாம்னு சொல்லுங்க."

வெயிலுக்கென்றே பிறந்தவர் அதை வாங்கிக்கொண்டார். உள்ளங்கை அளவு டப்பா. எங்கே செய்தது, என்ன போட்டுச் செய்தது, எந்தத் தேதி, ஒன்றும் இல்லை. ஊர் பேர் தெரியாத எழுத்தில் நாலு வரி. மூடியில் ஒரு பெண், பாதி முகம் கறுப்பு, பாதி முகம் வெள்ளை. அந்தப் பெண்ணை அற்புதராஜ் முழுசாக நம்பினார். தோட்டத்து மருந்து ஸ்டோரில் அவர் எடுக்கிற புல்மருந்துக் கேன்களில் மண்டை ஓட்டுப் படம் இருக்கும். இதில் அது இல்லை. அப்போது நல்லதுதானே என்று அவர் மண்டை கணக்குப் போட்டது.

டப்பாவை வீட்டில் யேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் ஒளித்தார். வேலை முடிந்து, மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குளித்துவிட்டு வந்து, செபமாலைக்கு முன் முகத்துக்கும் கைக்கும் பூசுவார். செபமாலை சொல்லும்போது முகம் மினுங்கும். "இந்த மனுசனுக்கு வயசு போகப் போக பக்தி கூடுது" என்று மனைவி செசிலி பக்கத்து வீட்டில் சொன்னாள்.

மாட்டியது கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலத்தில். மருமகள் அஞ்சலின் படத்தைத் துடைக்க எடுத்தாள், டப்பா அவள் காலில் விழுந்தது. மகன் கெவினுக்குக் கொழும்பில் ஹோட்டல் குசினி வேலை. அஞ்சலின் மாமன் மாமியோடுதான் இருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று மாசக் கர்ப்பம்.

"மாமா, இது என்னா?"

செசிலியும் அங்கேயே நின்றாள். அற்புதராஜுக்கு வாழ்க்கையில் எப்போதும் மெதுவாக ஓடுகிற மூளை அன்றைக்கென்று பறந்தது.

"ஒனக்குத்தான் புள்ள. கிறிஸ்மஸுக்குக் குடுக்கலாம்னு ஒளிச்சு வச்சேன். இப்படி எடுத்துட்டியே."

அஞ்சலினுக்குக் கண் கலங்கியது. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. செசிலிக்கும் கலங்கியது, அது வேறு காரணம்: இருபத்தெட்டு வருசத்தில் அவளுக்கு ஒரு சவர்க்காரம் வாங்கிக் கொடுக்காத மனுசன். அற்புதராஜ் இருவரையும் பெருந்தன்மையோடு பார்த்தார். அடுத்த முறை பதுளைக்குப் போனபோது தனக்கு இன்னொன்று வாங்கினார். அதை மருந்து ஸ்டோரில், சாக்குக்குள் வைத்தார்.

கிரீம் வேலை செய்தது. அதுதான் கொடுமை. தை மாசத்துக்குள் கழுத்துக்கு மேலே ஒரு நாடு, கழுத்துக்குக் கீழே வேறு நாடு என்று ஆனார்.

"என்னய்யா அற்புதம், மூஞ்சியக் கழுவிட்டு கழுத்த மறந்துட்டியா?" என்று பீலியடியில் அங்கம்மா கேட்டாள். அங்கம்மா மாதர் சங்கத் தலைவி. அவள் மெதுவாகப் பேசினால் பக்கத்து டிவிசனுக்கு மட்டும் கேட்கும்.

"நெழல்ல வேல அக்கா இப்ப."

"எந்த மலையில நெழல் இருக்கு? எனக்கும் காட்டு, நானும் வாறேன்."

நிறம் வந்த கையோடு மற்றதும் வந்தது. சப்பாத்துக்குள் கால் போகவில்லை. காலையில் கண் இமை வீங்கியது. சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. மெழுகுவர்த்தி பற்ற வைத்தால் தீக்குச்சி ஆடியது. கோபமும் கூடியதாம், ஆனால் அவருக்கு அது பிறவியிலேயே உள்ளது, வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செசிலி அவரை இழுத்துக்கொண்டு லுணுகலை ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கிருந்து பதுளை கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரகம் பழுது, இரத்தத்தில் நிற்க வேண்டிய சத்து சிறுநீரில் போகிறது என்றார்கள்.

"என்ன வேல செய்றீங்க?" என்று அங்கே கேட்டார்கள்.

"மருந்தடிக்கிறது."

அவ்வளவுதான். அவர் வீடு வந்து சேர முன்னே சேதி வந்துவிட்டது. தோட்டத்து மருந்து அற்புதராஜின் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கையுறை கொடு, முகமூடி கொடு என்று பதினாறு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்த அங்கம்மாவுக்கு அன்றைக்குத் தொண்டை திறந்தது. மருந்து ஸ்டோர் இருப்பது பீலிக்கு மேலே. அப்படியானால் தண்ணீரிலும் மருந்து இறங்கியிருக்கும். பீலிக்குக் குறுக்கே மூங்கிலைக் கட்டி மறித்தார்கள். அன்றிலிருந்து மூன்று லயத்து வரிசை வீட்டுப் பெண்களும் குடிதண்ணீருக்கு ஓடைக்கு இறங்கி ஏறினார்கள். அரை மணி நேர ஏற்றம். அஞ்சலினும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கேனோடு ஏறினாள்.

அற்புதராஜ் வீட்டு முன்னால் இஸ்தோப்பில் வாங்குப் பலகை போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் அவருக்குப் பிடித்திருந்தன. வாழைப்பழம் கொண்டு வந்தார்கள். றுஷாந்தன் பூசையில் "தொழிலுக்காகத் தன்னையே பலியாக்கிய எமது சகோதரர்" என்று மன்றாடினார். எந்த நாடகத்திலும் கிடைக்காத வேசம். வசனமே பேசாமல் கிடைத்தது.

இரண்டாவது கிளினிக்கில் புதிதாக ஒரு டொக்டர், ஸவாஹிரா என்று பெயர். தாளைப் பார்ப்பதை விட ஆளைப் பார்க்கிறவர். அற்புதராஜின் சட்டைக் கொலரைச் சற்று இறக்கிப் பார்த்தார்.

"ஐயா, முகத்துக்கு ஏதாச்சும் க்ரீம் பாவிக்கிறீங்களா?"

செசிலி சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரா? சவர்க்காரமே வாரத்துக்கு ஒருக்காதான் டொக்டர்."

"ஐயா சொல்லட்டும்."

"சேச்சே," என்றார் ஐயா.

டொக்டர் பேனாவை வைத்தார். "வெள்ளையாகுறதுக்குன்னு சில க்ரீம் விக்கிறாங்க. எல்லாத்துலயும் இல்ல, சிலதுல பாதரசம் கலந்திருக்கு. காய்ச்சல் பாக்குற கண்ணாடிக் குழாயில ஓடுமே, அது. தோல் வழியா உள்ள போயி சிறுநீரகத்துல தங்கிரும். நெறம் வரும், கூடவே இதுவும் வரும். மருந்தடிக்கிற வேலையும் ஒடம்புக்கு நல்லதில்லதான், மூடிக்கிட்டு அடிக்கணும். ஆனா ஒங்களுக்கு வந்திருக்கிறத பாத்தா எனக்கு இதுலதான் சந்தேகம்."

அற்புதராஜ் கொலரை மேலே இழுத்துக்கொண்டார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"டொக்டர் அம்மா, சும்மா ஒரு கேள்வி. வயித்துல புள்ள இருக்கிறவங்க பூசுனா?"

"யாரு பூசுறாங்க?"

"யாருமில்ல. பேப்பர்ல போட்டிருந்துச்சு."

பேப்பர் வாசிக்கிற புருசனைச் செசிலி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற புள்ளைக்கும் போகலாம் ஐயா. மூளையும் நரம்பும் வளர்ற நேரம் அது. அப்படி யாராச்சும் இருந்தா, இன்னைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க. இங்க கூட்டிட்டு வாங்க. நான் ஏச மாட்டேன்."

பசறை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அற்புதராஜ் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டார். டப்பாவை வாங்கி எறிந்துவிடுவது. காரணம் ஏதாவது சொல்வது. பேர் கெடாமல் பிள்ளையையும் காப்பாற்றிவிடலாம். இவ்வளவு நடந்த பிறகும் அந்த மனுசனுக்குத் தன் மூஞ்சிதான் பெரிதாக இருந்தது.

வீட்டில் அஞ்சலின் கேனை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மாச வயிறு. முகம் மட்டும் வெளுத்து, நிலவு காய்ந்த மாதிரி.

"அந்த டப்பா எங்க புள்ள? அத இனிமே போடாத."

"ஏன் மாமா?"

"தேதி முடிஞ்சிருக்கும்."

"அதுல தேதியே இல்லியே."

"கெவினுக்குப் பிடிக்காது."

"போட்டோ அனுப்புனேன். ஐஸ்வரியம் வந்திருச்சுன்னாரு."

"இந்தா, நான் சொல்றேன்ல, குடு அத."

"அது கிறிஸ்மஸோட முடிஞ்சு போச்சு மாமா. மேல் லயத்து ஜெயந்தினிக்கும் கொஞ்சம் குடுத்தேன், அவகிட்டருந்து எல்லாரும் கேட்டாங்க. அப்புறம் அவதான் பதுளைக்குப் போயி அஞ்சாறு டப்பா எடுத்தாந்தா, எனக்கும் ஒண்ணு. ஒங்க பேரச் சொல்லித்தான் எல்லாரும் பூசுறாங்க. எங்க மாமா கண்டுபிடிச்சதுன்னு சொல்லியிருக்கேன்."

அற்புதராஜ் வாங்கில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை என்று நினைத்தால் மூன்று லயம்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்களத்தில் கூட்டம். காலையில் வேலை பிரிக்கிற அந்த இடத்தில்தான் எல்லாக் கூட்டமும். நாளையிலிருந்து மலை ஏறுவதில்லை, நல்ல தண்ணீரும் கையுறையும் வரும்வரை கொழுந்து எடுப்பதில்லை என்று முடிவெடுக்கிற கூட்டம். அற்புதராஜை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வீங்கின காலை எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு முக்காலியில் தூக்கி வைத்தார்கள். அங்கம்மா அந்தக் காலைக் காட்டிக் காட்டிப் பேசினாள். கடைசி வரிசையில் அஞ்சலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றார் அற்புதராஜ். "கொஞ்சம் பொறுங்க."

"நீ பேசாத, களைச்சிருவ. நான் பேசுறேன்."

"தண்ணியில ஒண்ணுமில்ல அக்கா. என் காலு மருந்தால வீங்கல. நான் மூஞ்சிக்கு க்ரீம் போட்டேன்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் எழுந்து நின்றார்.

"வெள்ளையாகணும்னு க்ரீம் போட்டேன்யா! பிலாத்து வேசத்துக்கு! அஞ்சு மாசமா, மருந்து ஸ்டோருக்குள்ள ஒளிச்சு வச்சுப் பூசுனேன்!"

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு களமே சிரித்தது. றுஷாந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கினார். செசிலி வாயை முந்தானையால் பொத்தினாள், சிரிப்போ அழுகையோ தெரியவில்லை. அற்புதராஜ் சேவல் மாதிரி ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்று, எல்லாரும் ஓயும் வரை பொறுத்தார்.

"சிரிங்க. முடிச்சிட்டுக் கேளுங்க. அதுல பாதரசம் இருக்குன்னு டொக்டர் அம்மா சந்தேகப்படுறாங்க. என் சிறுநீரகத்தப் பழுதாக்குனது அதுதான். அதே டப்பாவத்தான் நான் அஞ்சலினுக்குக் குடுத்தேன். ஒளிச்சது வெளியில வந்திரும்னு பயந்து, அவளுக்கு வாங்குனேன்னு சொல்லிக் குடுத்தேன். வயித்துப் புள்ளைக்கும் போகலாமாம். மேல் லயத்துல யாரு யாரு பூசுறீங்களோ, இந்த நிமிசமே நிப்பாட்டுங்க."

சிரிப்பு பட்டென்று நின்றது. கூட்டம் திரும்பி அஞ்சலினைப் பார்த்தது. அஞ்சலின் மாமனைப் பார்த்தாள். வயிற்றின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் நடந்தாள். செசிலி அவள் பின்னால் ஓடினாள்.

அங்கம்மா அவருக்கு நேரே வந்தாள்.

"பதினாறு வருசமாக் கேக்குற கையுறைய ஒரு டப்பாவுல வச்சு மூடிட்டியே, பாவி. நாளைக்குத் தொர என்னா சொல்லுவான்? மருந்துல ஒண்ணுமில்ல, ஒங்க ஆளு பவுடர் போட்டான்னு சொல்லுவானா மாட்டானா?"

"சொல்லுவான் அக்கா."

"பொம்பளைங்க ஒரு மாசமா ஓடையில தண்ணி சொமந்தாளுகளே, பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அங்கம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஜெயந்தினி! போயி எல்லா டப்பாவையும் எடுத்தா!" என்று கத்தினாள். ஆறு டப்பா வந்தது. நாற்காலியில் அடுக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஏழாவது ஒன்று அங்கம்மாவின் இடுப்பு மடிப்பிலிருந்து வந்து அதன் மேல் உட்கார்ந்தது. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் அந்த டிவிசனில் யாருக்கும் இல்லை.

மறுநாள் வந்த சுகாதாரப் பரிசோதகர் டப்பாக்களைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொண்டு போனார். குப்பையிலோ ஓடையிலோ எறிய வேண்டாம் என்றார். பூசின முகம் துடைத்த துவாய், தலையணை உறை எல்லாவற்றையும் தனியாகக் கட்டிக் கொடுக்கச் சொன்னார். பீலி மூங்கிலை அற்புதராஜே போய் அவிழ்த்தார். தோட்டத்துத் துரையும் அங்கம்மா சொன்னதை அப்படியே சொன்னார். கையுறை இன்னும் வரவில்லை. அங்கம்மா இன்னும் கேட்கிறாள், இப்போது ஒவ்வொரு தடவையும் "அந்தப் பவுடர்காரன விடுங்க" என்று தொடங்கிக் கேட்கிறாள்.

கெவின் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். "அப்பா, ஒங்களுக்கு என்னா வயசு?" என்றான். பதில் கேட்காமல் வைத்தான். றுஷாந்தன் பழம் கொண்டு வந்து, மனசு கேட்காமல், பிலாத்து வேசத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அற்புதராஜ் வேசம் வேண்டாம் என்று சொல்லி அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

மேல் லயத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு லொறியில் கிளினிக்குக்குப் போனார்கள். சிறுநீர் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போய், முடிவு வந்தது. அஞ்சலினுக்குப் பாதரசம் இருந்தது, அற்புதராஜின் அளவு இல்லை. நிப்பாட்டினதால் இறங்கும், பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, பிறந்த பிறகு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டொக்டர் ஸவாஹிரா சொன்னார். சொன்ன மாதிரியே ஏசவில்லை. ஏசியிருந்தால் அற்புதராஜுக்கு லேசாக இருந்திருக்கும்.

அஞ்சலின் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், "மாமி, அவருக்குச் சாப்பாடு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். வைகாசியில் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை. எல்லாரும் தூக்கினார்கள். அற்புதராஜ் கேட்கவில்லை, அவரிடம் ஒருவரும் கொடுக்கவுமில்லை. தனக்கு மாத்திரை எடுக்கிற நாளையே பிள்ளையின் கிளினிக் நாளுக்கு மாற்றிக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், வெளி வாங்கில் உட்கார்ந்திருப்பார். உள்ளே பார்க்கிறதா, கேட்கிறதா, தலை நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று, ஒன்றும் கேட்காமல் உட்காருவார்.

பிள்ளையின் நாலாம் மாச கிளினிக்கில் அஞ்சலின் வெளியே வந்து நேராக அவர் முன்னால் நின்றாள். ஏழு மாசத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அது பழைய கறுப்புக்குத் திட்டுத் திட்டாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"மணி ஆட்டுனாங்க. சத்தம் வந்த பக்கம் திரும்பிச்சு."

அற்புதராஜ் தலையை ஆட்டினார்.

"இன்னும் உக்காரணும், நடக்கணும், பேசணுமாம். அதெல்லாம் பாத்துத்தான் சொல்லுவாங்களாம். ரெண்டு மூணு வருசம் வரணும்." பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். "என்னால இந்த மேட்டுல தூக்கிட்டு அலைய முடியாது. நீங்கதான் தூக்கிட்டு வரணும், மாமா."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. கை இன்னும் கொஞ்சம் ஆடியது, அதனால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பசறை தாண்டினதும் பிள்ளை விழித்து, அவருடைய மூக்கைக் கைநிறையப் பிடித்து இழுத்தது. நகம் பட்டு வலித்தது. லுணுகலை வரும் வரை அவர் தலையைத் திருப்பவில்லை.